தாயம் ஏன் லேசில் விழுவதில்லை?

தாயம் ஆடியிருக்கிறீர்களா? கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து, பித்தளைக் கட்டைகளை உள்ளங்கையில் உரசி உருட்டுவோமே, அந்த ஆட்டம்தான். அதில் முதல் தடை தாயம். அது விழுந்தால்தான் காய் இறக்க முடியும். எதிரே இருக்கும் அக்கா இரண்டு காயை இறக்கிப் பாதிச் சுற்று ஓட்டியிருப்பாள். நமக்கோ மூன்று, இரண்டு, மறுபடி மூன்று, நான்கு என்றே விழுந்துகொண்டிருக்கும். "எனக்கு ராசியே இல்லை" என்று சலிப்பு வந்துவிடும்.

ராசியை விடுங்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். விடை அதில் கிடைக்கும்.

தாயக்கட்டைக்கு நீளவாக்கில் நான்கு பக்கங்கள். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, இன்னொன்று வெறும் பக்கம். வெறும் பக்கத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டை நான்கு விதமாக விழலாம். அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கட்டை நான்கு விதமாக விழலாம். மொத்தம் 4 × 4 = 16 வழிகள். கட்டை கோணல் இல்லாமல் இருந்தால் இந்தப் பதினாறும் சம வாய்ப்புள்ளவை. ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால் இப்படி வரும்:

கூட்டுத்தொகை 0 : 1 வழி
கூட்டுத்தொகை 1 : 2 வழிகள்
கூட்டுத்தொகை 2 : 3 வழிகள்
கூட்டுத்தொகை 3 : 4 வழிகள்
கூட்டுத்தொகை 4 : 3 வழிகள்
கூட்டுத்தொகை 5 : 2 வழிகள்
கூட்டுத்தொகை 6 : 1 வழி

கூட்டுத்தொகை 1 என்பதுதான் தாயம். ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறும் பக்கமும் விழ வேண்டும். அதற்கு 16இல் 2 வழிதான். அதாவது எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. மூன்று விழுவதற்கு இதைப்போல இரண்டு மடங்கு வாய்ப்பு இருக்கிறது.

எட்டில் ஒன்று என்றால் எட்டு தடவை உருட்டினால் தாயம் கட்டாயம் விழுந்துவிடுமா? அதுவும் இல்லை. எட்டு தடவை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக நூற்றுக்கு சுமார் 34 வாய்ப்பு உண்டு. ஆக, மூன்று பேர் எட்டெட்டு தடவை உருட்டினால் அவர்களில் ஒருவர் வெறுங்கையோடு இருப்பது சாதாரணமான விஷயம்.

ஆட்டத்தின் விதியையும் கவனியுங்கள். ஊருக்கு ஊர் சிறிது மாறினாலும், பல வீடுகளில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம். இரண்டு கட்டையும் வெறும் பக்கம் காட்டினால் அதுதான் பன்னிரண்டு. பட்டியலைப் பாருங்கள். மறு உருட்டு தருகிற இந்த நான்கும் இரு ஓரங்களில் இருக்கிற அபூர்வமான எண்கள். நான்கையும் சேர்த்தாலும் 16இல் 6 வழிதான். நடுவில் இருக்கும் இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டும் 10 வழிகள். எது அடிக்கடி விழும், எது அரிதாக விழும் என்று தெரிந்தே பரிசு வைத்ததுபோல இருக்கிறது இந்த விதி.

ஒரு கோடு போட்டு அதன்மேல் 0 முதல் 6 வரை எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே அதற்கு எத்தனை வழியோ அத்தனை புள்ளி வையுங்கள். நடுவில் உயர்ந்து இருபுறமும் படிப்படியாக இறங்கும் ஒரு கூம்பு தெரியும். எந்த எண் எத்தனை தடவை வரும் என்பதை ஒரே பார்வையில் காட்டும் இந்தப் படத்துக்குப் புள்ளியியலில் பரவல் என்று பெயர். இந்தக் கட்டுரை முழுக்கப் பரவலைப் பற்றித்தான். எண்கள் ஒரு கூட்டமாக வரும்போது, சராசரியோடு நின்றுவிடாமல் அவை எப்படிப் பரவியிருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பாதி உண்மை கைநழுவிப் போகும்.

மூன்றாவது கட்டை

இப்போது கட்டையை எடுத்து 16 தடவை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள பட்டியல் அச்சுப் பிசகாமல் வராது. மூன்று ஆறு தடவை விழுந்திருக்கலாம், ஆறு ஒரு தடவைகூட விழாமல் இருக்கலாம். சோர்ந்துவிடாதீர்கள். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 160 தடவை உருட்டுங்கள். 10, 20, 30, 40, 30, 20, 10 என்ற எண்களுக்கு ஓரளவு பக்கத்தில் வரும்; கூம்பும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அடுத்த உருட்டில் என்ன விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பல உருட்டுகள் சேர்ந்தால் அந்தக் குவியல் என்ன வடிவம் எடுக்கும் என்று சொல்ல முடியும். புள்ளியியலின் பலமே இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பக்கத்து வீட்டிலிருந்து மூன்றாவதாக ஒரு கட்டையை வாங்கி வந்தால் என்ன ஆகும்? இப்போது 4 × 4 × 4 = 64 வழிகள். கூட்டுத்தொகை 0 முதல் 9 வரை வரலாம். வழிகளை எண்ணினால் 1, 3, 6, 10, 12, 12, 10, 6, 3, 1 என்று வருகிறது. இதையும் புள்ளி வைத்து வரையுங்கள். கூம்பின் நேரான சரிவுகள் வளைந்துவிட்டதைப் பார்ப்பீர்கள். உச்சி மழுங்கி, ஓரங்கள் மெலிந்து, கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த வடிவம் வந்திருக்கும்.

ஏன் இப்படி? கூட்டுத்தொகை 9 வர வேண்டுமானால் மூன்று கட்டையும் மூன்று புள்ளியே காட்ட வேண்டும். அதற்கு ஒரே வழி. நான்கு வருவதற்கோ பன்னிரண்டு வழிகள். ஒரு கட்டை பெரிய எண்ணைக் காட்டினால் இன்னொன்று சிறிய எண்ணைக் காட்டி ஈடுகட்டிவிடும். எல்லாக் கட்டைகளும் ஒரே பக்கமாகச் சாய்வது அரிது. ஒன்றையொன்று ஈடுகட்டுவது சகஜம். அதனால்தான் நடு உயர்ந்து ஓரம் தாழ்கிறது. நாணயங்களைப் பல தடவை சுண்டினால் வரும் பரவல் இந்த மணி வடிவத்தை நெருங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் டி மாய்வர். பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கணித மேதை அவர். ஆண்டு 1733.

ராணுவச் சட்டை என்ன அளவு?

கட்டையும் நாணயமும் விளையாட்டுப் பொருள்கள். மனிதர்களை அளந்தாலும் இந்த மணி தெரியுமா? பெல்ஜியம் நாட்டு வானியலாளர் அடோல்ஃப் கெத்தலே இந்தக் கேள்வியோடு ஒரு பழைய பட்டியலை எடுத்துக்கொண்டார். ஸ்காட்லாந்து படைவீரர்களின் மார்புச் சுற்றளவுப் பட்டியல் அது. 1817இல் எடின்பரோவின் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதிலிருந்து 5,738 வீரர்களின் அளவுகளை வரிசைப்படுத்தி 1846இல் ஒரு நூலில் வெளியிட்டார் கெத்தலே. அந்த அட்டவணையை நாமும் பார்ப்போம்.

33 அங்குலம் : 3 பேர்
34 : 18
35 : 81
36 : 185
37 : 420
38 : 749
39 : 1,073
40 : 1,079
41 : 934
42 : 658
43 : 370
44 : 92
45 : 50
46 : 21
47 : 4
48 : 1

மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பாருங்கள். மூன்று பேரில் தொடங்கிய எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி ஏறுகிறது, பிறகு இறங்கி ஒரே ஒருவரில் முடிகிறது. மூன்று கட்டைகளில் வந்த அதே வடிவம்! ஒருவருடைய மார்பளவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு காரணம் இல்லை. அப்பா அம்மாவின் உடல்வாகு, சிறுவயதில் கிடைத்த சாப்பாடு, வந்துபோன நோய்கள், செய்த வேலை என்று எத்தனையோ காரணங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூட்டுகின்றன, கொஞ்சம் குறைக்கின்றன. பெரும்பாலானவர்களிடம் அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் அவர்கள் நடுவில் நிற்கிறார்கள். எல்லாமே ஒரே பக்கம் இழுத்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள்.

இந்த வீரர்களின் சராசரி மார்பளவு ஏறக்குறைய 40 அங்குலம். இப்போது உங்களிடம் ஒரு பொறுப்பு. 5,738 பேருக்கும் சட்டை தைக்க வேண்டும். "சராசரி 40 அங்குலம், எல்லாம் அதே அளவில் தைத்துவிடலாம்" என்று முடிவு செய்தால் 1,079 பேருக்குத்தான் அளவாக இருக்கும். அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்களுக்கு இறுக்கும் அல்லது தொளதொளக்கும். பரவலைப் பார்த்தால் வேறு விதமாகத் திட்டமிடலாம். 38 முதல் 42 வரையான ஐந்து அளவுகளில் தைத்தால் 4,493 பேருக்குச் சரியாகிவிடும். கூட்டிப் பாருங்கள்! மீதிப் பேருக்கு மற்ற அளவுகளில் கொஞ்சம் கொஞ்சம் தைத்தால் போதும். ரெடிமேட் கடைக்காரரும் இந்தக் கணக்கை வைத்துத்தான் நடுத்தர அளவுகளை அடுக்கடுக்காகவும் ஓர அளவுகளைச் சிலவாகவும் வாங்கி வைக்கிறார்.

எந்த பஸ்ஸில் போவீர்கள்?

பரவல் எவ்வளவு அகலம் என்பதை ஓர் எண்ணாகச் சொல்ல முடியுமா? முடியும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம்.

உங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ்கள். ஐந்து நாளும் அவை எத்தனை நிமிடம் தாமதமாக வந்தன என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

பச்சை பஸ்: 4, 5, 5, 5, 6
சிவப்பு பஸ்: 0, 0, 0, 5, 20

இரண்டுக்கும் கூட்டுத்தொகை 25, சராசரித் தாமதம் 5 நிமிடம். சராசரியை மட்டும் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். பரீட்சை நாளில் எதில் ஏறுவீர்கள்? பச்சையில்தானே! தாமதம் ஐந்து நிமிடத்தை ஒட்டியே இருக்கும் என்று தெரிவதால் கவலை இல்லை. சிவப்பு பஸ் சரியான நேரத்துக்கு வந்தாலும் வரும், இருபது நிமிடம் காக்க வைத்தாலும் வைக்கும்.

பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் கிடைப்பது வீச்சு. பச்சைக்கு 6 − 4 = 2. சிவப்புக்கு 20 − 0 = 20. எளிய அளவுதான், ஆனால் இரு ஓரத்து எண்களை மட்டும் பார்க்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று அது கேட்பதில்லை. எல்லா எண்களையும் விசாரிக்கும் அளவு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் திட்ட விலக்கம். பெரிய வகுப்பில் படிப்பீர்கள். இப்போதே செய்தும் பார்த்துவிடலாம்.

சிவப்பு பஸ்ஸின் ஒவ்வொரு எண்ணும் சராசரி 5லிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது? −5, −5, −5, 0, +15. இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம் வருகிறது. கழித்தலும் கூட்டலும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. எந்தப் பட்டியலை எடுத்தாலும் இப்படித்தான் ஆகும். ஆகவே ஒவ்வொரு விலகலையும் அதனாலேயே பெருக்குகிறோம். கழித்தல் குறி போய்விடும். 25, 25, 25, 0, 225 என்று வரும். கூட்டினால் 300. ஐந்தால் வகுத்தால் 60. அதன் வர்க்கமூலம் சுமார் 7.7. இதுதான் சிவப்பு பஸ்ஸின் திட்ட விலக்கம். பச்சை பஸ்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 0.6 வரும். சராசரி ஒன்றாகவே இருந்தும், ஒன்று மற்றதைப்போலப் பன்னிரண்டு மடங்கு நிலையில்லாமல் ஓடுகிறது!

பரவல் மணி வடிவமாக இருந்தால் இந்த எண் இன்னும் ஒரு தகவலும் தரும். சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத் தூரத்துக்குள் நூற்றுக்கு 68 பேர் இருப்பார்கள். இரண்டு திட்ட விலக்கத் தூரத்துக்குள் நூற்றுக்கு 95 பேர் இருப்பார்கள்.

வேறுபாடு குறையா?

கெத்தலே சராசரி மனிதன் என்று ஒரு கருத்தைச் சொன்னார். அவர் பார்வையில் சராசரிதான் இயற்கை குறிவைக்கும் இலக்கு. விலகி நிற்பவர்கள் குறி தவறியவர்கள். அது சரியில்லை என்பதைக் காட்டும் ஓர் உண்மைச் சம்பவம் பசிபிக் கடலில் நடந்தது.

கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற விஞ்ஞானத் தம்பதி 1973 முதல் அங்கே ஃபின்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து, பறக்கவிட்டு வந்தார்கள். அலகின் கனம் எல்லாக் குருவிக்கும் ஒன்றாக இல்லை. சிலவற்றுக்கு மெல்லியது, சிலவற்றுக்குத் தடித்தது, பெரும்பாலானவற்றுக்கு நடுத்தரம். மில்லிமீட்டர் கணக்கில்தான் வித்தியாசம். இது ஒரு பொருட்டா என்று தோன்றும்.

1977இல் அந்தத் தீவில் மழை பொய்த்தது. சின்ன மென்மையான விதைகளைக் குருவிகள் தின்று தீர்த்தன. மிஞ்சியது பெரிய கெட்டி விதைகள். அவற்றில் முக்கியமானது நம் ஊர் நெருஞ்சிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் முள்ளு விதை. மெல்லிய அலகால் அதை உடைக்க முடியவில்லை. தரைக் குருவி வகை ஒன்றில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் மடிந்துபோயின. பிழைத்தவற்றை அளந்தபோது அலகின் சராசரிக் கனம் சுமார் அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது. தடித்த அலகுக்காரர்களே அதிகம் தப்பித்திருந்தார்கள். அவர்களின் குஞ்சுகளுக்கும் தடித்த அலகே வாய்த்தது.

கதை அதோடு முடியவில்லை. 1982, 1983இல் பெருமழை கொட்டியது. சின்ன விதைகள் தீவெங்கும் மண்டின. இந்தத் தடவை சின்ன அலகுக் குருவிகள் மேலோங்கின. எல்லாக் குருவிக்கும் அச்சு வார்த்தாற்போல ஒரே அலகு இருந்திருந்தால் ஏதோ ஒரு கெட்ட காலத்தில் அந்த இனமே பூண்டற்றுப் போயிருக்கலாம். ஓரத்தில் நின்றவர்கள்தான் அந்த இனத்தைக் காப்பாற்றினார்கள். வகுப்பில் உயரமாகவோ குள்ளமாகவோ, வேகமாகவோ மெதுவாகவோ யாராவது இருந்தால் அது பிழை இல்லை. பரவல் என்றால் அப்படித்தான் இருக்கும்.

எல்லாமே மணியா?

இல்லை. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்று ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. கொஞ்ச நேரம் பீய்ச்சி அடிக்கும், பிறகு ஓயும், மறுபடி பீய்ச்சும். இரண்டு பீய்ச்சலுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று அளந்த 272 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் புள்ளியியல் மாணவர்களிடையே பிரபலம். சராசரி 71 நிமிடம். புள்ளி வைத்து வரைந்தாலோ ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு திமில்கள்! ஒன்று 54 நிமிடத்தை ஒட்டி, இன்னொன்று 80ஐ ஒட்டி. நடுவில் ஒரு பள்ளம். இரண்டு திமில் தெரிந்தால் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே அப்படித்தான். கொஞ்ச நேரம் பீய்ச்சினால் குறைவான தண்ணீரே செலவாகிறது, அடுத்தது சீக்கிரம் வருகிறது. நீண்ட நேரம் பீய்ச்சினால் மறுபடி நிரம்பிச் சூடேற நேரம் பிடிக்கிறது. பூங்கா ஊழியர்கள் முந்தைய பீய்ச்சல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று பார்த்தே அடுத்ததைக் கணிக்கிறார்கள்.

இன்னொரு வடிவம் நம் வானத்திலேயே இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 365 நாளுக்குப் பகிர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். ஆனால் பெரும்பாலான நாட்களில் ஒரு சொட்டும் விழுவதில்லை. பூஜ்யத்தில் ஒரு பெரிய குவியல். வலப்பக்கம் நீண்டு மெலியும் ஒரு வால். அந்த வாலின் நுனியில் இருந்த ஒரு நாளைச் சென்னை மறக்காது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு! மழைநீர் வடிகாலைச் சராசரிக்கு ஏற்றபடி கட்டினால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். வடிகால் கட்டுகிறவர், ஏரிக்கரை உயர்த்துகிறவர், அணை திறக்கிறவர் எல்லோரும் பரவலின் வாலைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு பக்கம் வால் நீண்ட பரவலில் இடைநிலை அளவு என்ற இன்னொரு எண்ணும் உதவும். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். சிவப்பு பஸ்ஸின் 0, 0, 0, 5, 20இல் அது 0. சராசரி 5, இடைநிலை 0. இரண்டும் இப்படி விலகியிருந்தால் எங்கோ ஒரு வால் சராசரியைத் தன் பக்கம் இழுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

செய்து பாருங்கள்

வீட்டில் பட்டாணி உரிக்கும்போதோ, புளி தட்டிக் கொட்டை எடுக்கும்போதோ அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு அந்த வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பது காய் போதும். ஒவ்வொன்றிலும் எத்தனை விதை என்று எண்ணுங்கள். ஒரு கோட்டில் 0 முதல் 12 வரை எழுதி, ஒரு காய்க்கு ஒரு புள்ளி என்று மேலே மேலே வையுங்கள். முடித்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, நடு எங்கே இருக்கிறது?
இரண்டு, எவ்வளவு அகலமாகப் பரவியிருக்கிறது?
மூன்று, என்ன வடிவம்: மணியா, இரட்டைத் திமிலா, வால் நீண்டதா?
நான்கு, கூட்டத்தை விட்டுத் தனியே நிற்கும் புள்ளி ஏதாவது உண்டா?

தனியே நிற்கும் புள்ளியை அழித்துவிடாதீர்கள். எண்ணியது சரிதானா என்று முதலில் சரிபாருங்கள். சரியாக இருந்தால் அந்தக் காயை எடுத்து வைத்து, அதில் மட்டும் ஏன் இத்தனை விதை, அல்லது ஏன் விதையே இல்லை என்று யோசியுங்கள். உங்கள் நண்பரும் தன் வீட்டில் ஐம்பது காய் எண்ணட்டும். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து ஒட்டிப் பாருங்கள். அச்சாக ஒன்றுபோல இருக்காது. எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மாறுகின்றன என்று எழுதுங்கள். அந்த மாற்றம் வெறும் தற்செயலா, செடியோ மரமோ வேறு என்பதாலா? இதைக் கண்டுபிடிக்க என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து திட்டம் போடுங்கள். அதுவே உங்கள் முதல் ஆராய்ச்சி.